நுகத்தில் நிற்பவள் கிரிக்கெட்டில் ஏன் ஓடுகிறாள்?

ஒரு தாயின் கேள்வி இது. அவருடைய மகள் இரண்டாம் வகுப்பு. 'கிரிக்கெட்' என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுகிறாள், மூன்றே எழுத்துள்ள 'நுகம்' வந்தால் நின்றுவிடுகிறாள். சின்னச் சொல்தானே எளிது, பிறகு ஏன் இப்படி? ஒரு சொல்லை வாசிக்கும் வேகத்தையும், ஒரு பொருளைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேகத்தையும் சொல்லின் எந்தெந்தத் தன்மைகள் மாற்றுகின்றன என்று கேட்டிருக்கிறார். ஆட்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் காட்டி, வாயிலிருந்து சத்தம் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அளக்கும் வேலையைச் சில வருடம் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று: எழுத்துகளை எண்ணுவதை விட்டுவிடுங்கள். வாசிப்பவருக்கும் அந்தச் சொல்லுக்கும் எவ்வளவு நாள் பழக்கம், எத்தனை தடவை சந்திப்பு, எங்கெல்லாம் சந்திப்பு என்பதுதான் வேகத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. நீளம், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம், ஒரே மாதிரி இருக்கும் வேறு சொற்கள், மனதில் படம் எழுகிறதா என்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த அளவைக்கு வயது நூற்றுக்கும் மேல். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட்டின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் என்ற அமெரிக்கர், பொருள்களைப் பார்த்துப் பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து 1886-இல் எழுதினார். படத்தையோ நிறத்தையோ பார்த்துப் பெயர் சொல்வதைவிட, அச்சிட்ட சொல்லை வாசிப்பது நன்றாகவே வேகமாக நடக்கிறது என்று கண்டார். யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். குழந்தை முதலில் மாட்டைப் பார்க்கிறது, 'மாடு' என்று சொல்லப் பழகுகிறது, எழுத்து நாலைந்து வருடம் கழித்துத்தான் வருகிறது. ஆனாலும் பெரியவரானதும் பின்னால் வந்த எழுத்து முந்திக்கொள்கிறது. கேட்டல் சொன்ன காரணம் எளிமையானது: எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழியில் நாம் எண்ணிக்கையில்லாமல் நடந்துவிட்டோம், அது தானாக நடக்கிறது, நிறத்துக்கும் படத்துக்கும் நாமாக முயன்று பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. 1935-இல் ஸ்ட்ரூப் செய்த புகழ்பெற்ற சோதனையும் இதே விஷயத்தைத்தான் வேறு பக்கத்திலிருந்து காட்டியது. பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதி, மையின் நிறத்தைச் சொல் என்றால் நாக்கு தடுமாறும். வாசிக்காதே என்று சொன்னாலும் கண் கேட்பதில்லை.

படத்துக்கு நேரம் கூட ஆவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது வீட்டிலேயே தெரியும். குளித்துவிட்டுத் துவட்டும் துணியின் படத்தைக் காட்டி நாலு பேரிடம் பெயர் கேளுங்கள். ஒருவர் துண்டு என்பார், ஒருவர் டவல், புத்தகத் தமிழ் பேசுபவர் துவாலை, யாழ்ப்பாணத்துக்காரர் துவாய். எழுதிய சொல்லுக்கு ஒரே விடை, படத்துக்குப் பல விடை. ஒரு படத்துக்கு எத்தனை பேர் ஒரே பெயரைச் சொல்கிறார்கள் என்பதைப் பெயர்ப் பொருத்தம் என்று வைத்துக்கொள்வோம். படத்துக்குப் பெயர் சொல்லும் வேகத்தை முன்கூட்டிக் கணிக்க இதைப்போல் கை கொடுக்கும் வேறு அளவுகோல் குறைவு. ஸ்நாட்கிராஸ், வாண்டர்வார்ட் என்ற இருவர் 1980-இல் 260 கோட்டுப் படங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டு வெளியிட்டார்கள், இன்றுவரை ஆய்வகங்களில் அந்தப் படங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தமிழில் படச்சோதனை செய்யப் போனால் இந்தத் துண்டு-டவல் தொல்லை ஒவ்வொரு இரண்டாவது படத்திலும் வந்து நிற்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, புழக்கத்துக்கு வருவோம். அடிக்கடி புழங்கும் சொல் வேகமாக வாசிக்கப்படும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எவ்வளவு அடிக்கடி என்று எப்படிச் சொல்வது? யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும். இங்கிலீஷில் தார்ன்டைக்கும் லார்ஜும் 1944-இல் 30,000 சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். பிறகு 1961-இல் அமெரிக்காவில் அச்சான புத்தகங்கள், பத்திரிகைகளிலிருந்து பத்து லட்சம் சொற்களை எடுத்து, பிரவுன் பல்கலைக்கழகத்தில் குசேராவும் பிரான்சிஸும் கணினியில் எண்ணி 1967-இல் வெளியிட்டார்கள். நாற்பது வருடம் உலகமே அந்த எண்களை வைத்துத்தான் சோதனை செய்தது. 2009-இல் மார்க் பிரிஸ்பேர்ட், போரிஸ் நியூ இருவரும் ஒரு வேலை செய்தார்கள்: புத்தகத்தை விட்டுவிட்டு, அமெரிக்க சினிமா, டிவி தொடர்களின் சப்டைட்டிலை அள்ளி 5.1 கோடி சொற்களை எண்ணினார்கள். வாசிப்பு வேகத்தைக் கணிப்பதில் இந்தச் சப்டைட்டில் கணக்கு பழைய புத்தகக் கணக்கைத் தோற்கடித்தது. அச்சுச் சொல்லை வாசிக்கும் வேகத்தை, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் சொற்கள்தான் நன்றாகச் சொல்கின்றன! உங்கள் மகளின் கிரிக்கெட் புதிருக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

புழக்கத்தின் பயன் நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஒரு சொல்லை ஒரு தடவை பார்த்தவர் பத்து தடவை பார்த்தவராக மாறும்போது கிடைக்கும் லாபமும், பத்து நூறாக மாறும்போது கிடைக்கும் லாபமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயிரம் தடவை பார்த்த சொல்லை இன்னொரு நூறு தடவை பார்ப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது, ஆனால் இரண்டே தடவை பார்த்த சொல்லை இன்னும் பத்து தடவை பார்ப்பது பெரிய விஷயம். பெரியவர்கள் ஒரு தனிச் சொல்லை வாசிக்கத் தொடங்கச் சுமார் அரை நொடி ஆகும். அதில் புழக்கம் கொண்டுவரும் வித்தியாசம் சில பத்து மில்லிநொடிதான். இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு பக்கத்தில் முந்நூறு சொல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் புரியும்.

ஏடல்மன், பிரவுன், கெசாடா மூவரும் 2006-இல் இன்னொரு திருத்தம் சொன்னார்கள். மொத்தம் எத்தனை தடவை வந்தது என்பதைவிட, எத்தனை வெவ்வேறு கதை, கட்டுரைகளில் வந்தது என்பதுதான் வேகத்தை இன்னும் சரியாகச் சொல்கிறது. ஒரே கதையில் நாற்பது தடவை வந்த சொல்லைவிட நாற்பது கதையில் ஒவ்வொரு தடவை வந்த சொல் வேகமாக வாசிக்கப்படுகிறது. நோட்டில் ஐம்பது தடவை எழுதச் சொல்லும் தண்டனையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அது இதிலிருந்து வந்ததுதான்.

புழக்கம் மட்டும்தான் என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒரு சொல்லை எந்த வயதில் கற்றோம் என்பதும் தனியாக வேலை செய்கிறது என்று கேரலும் வைட்டும் 1973-இல் படங்களை வைத்துக் காட்டினார்கள். இதை நான் கண்ணால் பார்த்தது ஆய்வகத்தில் இல்லை, என் பாட்டி வீட்டில். பக்கவாதம் வந்து எழுந்த பிறகு அவருக்குப் பொருளின் பெயர்கள் பிடிபடவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படக்கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். உலக்கை படத்துக்கு உடனே 'உலக்கை'. அம்மிக்கு 'அம்மி'. ரிமோட் படம் வந்தது. பாட்டி கட்டை விரலை அழுத்திக் காட்டுகிறார், டிவி பக்கம் கையை நீட்டுகிறார், அது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரிகிறது, பெயர் மட்டும் வரவில்லை. அவர் உலக்கையைத் தொட்டு முப்பது வருடம் ஆகிறது, ரிமோட் தினமும் கையில் இருந்தது. ஒரு ஆளை வைத்து முடிவு கட்டக் கூடாது, ஆனால் பேச்சிழந்தவர்களிடம் செய்த ஆய்வுகளிலும் இந்தச் சாயல் திரும்பத் திரும்ப வருகிறது: சிறு வயதில் வந்த சொற்கள் கடைசிவரை நிற்கின்றன. ஏன் என்பதற்கு எல்லிஸ், லாம்பன் ரால்ஃப் இருவரும் 2000-ஆம் ஆண்டில் கணினியில் ஒரு வலையமைப்பைப் பழக்கிப் பார்த்துச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். வலை புதிதாக இருக்கும்போது உள்ளே வந்தவை அதன் இணைப்புகளைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்கின்றன, பின்னால் வருபவை மீதி இடத்தில் ஒடுங்க வேண்டியிருக்கிறது. பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் காலை நீட்டிக்கொள்கிறார் அல்லவா, அப்படி.

இப்போது நீளம். நீங்கள் கேட்டதே இதைத்தான், இதில்தான் எல்லோருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. சின்னச் சொற்கள் பொதுவாக வேகமாக வாசிக்கப்படுகின்றன என்பது உண்மை, ஆனால் சின்னச் சொற்கள்தான் அதிகம் புழங்குகின்றன, அவற்றைத்தான் சிறு வயதில் கற்கிறோம். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்க இருபது முப்பது சொல் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். அமெரிக்காவில் டேவிட் பலோட்டாவும் மற்றவர்களும் சேர்ந்து பல பல்கலைக்கழகங்களில் 40,481 இங்கிலீஷ் சொற்களுக்கு வாசிக்கும் நேரத்தையும், 'இது சொல்லா இல்லையா' என்று பொத்தான் அழுத்தும் நேரத்தையும் அளந்து 2007-இல் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அந்தத் தரவை எடுத்து, புழக்கம் போன்ற மற்றவற்றைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தால், பொத்தான் சோதனையில் நீளம் போட்ட கோடு வேடிக்கையாக இருந்தது. மூன்றெழுத்திலிருந்து ஐந்தெழுத்து வரை நீளம் கூடக் கூட நேரம் குறைகிறது, ஐந்திலிருந்து எட்டு வரை ஒரு மாற்றமும் இல்லை, எட்டுக்கு மேல்தான் நேரம் ஏறத் தொடங்குகிறது. தேர்ந்த வாசகர் எழுத்தெழுத்தாகக் கூட்டுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

தொடர்ந்து ஒரு பத்தியை வாசிக்கும்போது கண் ஒரு இடத்தில் கால் நொடி போல நிற்கும், அப்புறம் தாவும். இங்கிலீஷில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களில் கண் நாலில் ஒரு தடவைதான் நிற்கிறது, மீதி நேரம் தாண்டிப் போய்விடுகிறது. எட்டெழுத்துக்கு மேல் என்றால் ஏறக்குறைய கட்டாயம் நிற்கும், சில சமயம் இரண்டு தடவை. அந்த வகையில் நீளத்துக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அது கண்ணின் தாவலில் விழும் விலை.

எழுத்தெழுத்தாகக் கூட்டுபவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று, உங்கள் மகளைப் போல இப்போதுதான் கற்பவர்கள். இன்னொன்று, மூளையின் இடது பின்பகுதியில் அடிபட்டு வாசிப்பை இழந்தவர்கள். பாரிஸில் டெஜரின் என்ற மருத்துவர் 1892-இல் விவரித்த ஒரு நோயாளி, படித்த வியாபாரி, திடீரென்று ஒருநாள் எழுத்துகளை வாசிக்க முடியாமல் போனார். எழுத வந்தது, பேச வந்தது, தான் எழுதியதையே வாசிக்க வரவில்லை. இப்படிப்பட்டவர்கள் சிலர் ஒவ்வொரு எழுத்தாகப் பெயர் சொல்லிக் கூட்டி வாசிக்கப் பழகுகிறார்கள். அவர்களிடம் ஒரு எழுத்து கூடினால் நேரம் அப்படியே ஏறும், ஏணிப்படி மாதிரி.

அடுத்தது எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம். இங்கிலீஷ்காரர்கள் இதில் படும் பாடு தனி. ஐ, என், டி என்று முடியும் சொற்களை எடுங்கள்: மின்ட், ஹின்ட், பிரின்ட். அதே மாதிரி முன்னால் ஒரு பி போட்டுப் பின்ட் என்று வாசித்தால் தப்பு, அது பைன்ட். இப்படி விதியை மீறும் சொற்களை வாசிக்க நேரம் கூட ஆகும். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. 1984-இல் சைடன்பர்க்கும் கூட இருந்தவர்களும் காட்டியது: 'ஹேவ்' (have; gave, save போல எழுதினாலும் அப்படி ஒலிக்காதது) மாதிரி நாளும் பொழுதும் புழங்கும் சொல் விதியை மீறினாலும் வேகத்தில் ஒன்றும் குறைவதில்லை, அபூர்வமான சொல் மீறினால்தான் வாசிப்பவர் இடறுகிறார். இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. மனதில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று எழுத்தை விதிப்படி ஒலியாக்குவது, இன்னொன்று முழுச் சொல்லையும் அடையாளம் கண்டு ஒலியை எடுத்து வருவது என்றார் கோல்ட்ஹார்ட். விதியும் கிடையாது, அகராதியும் கிடையாது, பழக்கத்தால் வலுத்த இணைப்புகள் மட்டும்தான் என்றார்கள் சைடன்பர்க்கும் மெக்கிளெலண்டும். இரண்டு கட்சியும் இன்னும் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டாவது பக்கம் சாய்வேன், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் சரிதான். க என்ற எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மாதிரி, ங்-க்குப் பின்னால் ஒரு மாதிரி ஒலித்தாலும், இடத்தைப் பார்த்தே எது என்று வாய்க்குத் தெரிந்துவிடும். வெளியிலிருந்து வந்த சொற்களில்தான் சிக்கல். 'பாட்டில்' என்று தனியாக ஒரு சொல்லைத் திரையில் காட்டினால் என்ன நடக்கும்? பாட்டு என்பதோடு இல் சேர்ந்த பாட்டிலா, தண்ணீர் பாட்டிலா? என் வீட்டிலேயே அட்டையில் எழுதிக் காட்டிப் பார்த்தேன், மூன்று பேரில் இரண்டு பேருக்கு உதடு மூடியபடி ஒரு கணம் நின்றது. "அவர் பாட்டில் மயங்கிக் கிடந்தார்" என்று வாக்கியத்தில் வைத்தால் இன்னும் மோசம், கச்சேரியா கடையா என்று கடைசி வரை தெரியாது. பந்து என்பதும் அப்படித்தான், விளையாடும் பந்து ஒரு ஒலி, உறவினர் என்ற பொருளில் வரும் பந்து வேறு ஒலி. கணம் என்றால் நொடி, பூதகணம் என்னும்போது ஒலி மாறுகிறது.

இது ஹீப்ரு வாசகர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. அங்கே பெரும்பாலும் உயிர்க்குறி போடாமல் எழுதுவார்கள், சொல்லை ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் ஒலி வரும். ஃபிராஸ்ட், காட்ஸ், பென்டின் மூவரும் 1987-இல் ஹீப்ரு, இங்கிலீஷ், செர்போ-குரோவேஷியன் மூன்றையும் ஒப்பிட்டார்கள். சொல்லின் புழக்கம் வாசிப்பு வேகத்தை ஹீப்ருவில் மிக அதிகமாகவும், இங்கிலீஷில் நடுத்தரமாகவும், எழுதியபடியே ஒலிக்கும் செர்போ-குரோவேஷியனில் மிகக் குறைவாகவும் பாதித்தது. எழுத்து எவ்வளவு நேர்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வாசகர் நினைவைக் கூப்பிடாமல் சமாளிக்கலாம். ஆனால் அதை முற்றிலும் நம்பிவிடாதீர்கள், எழுதியபடி ஒலிக்கும் இத்தாலியனிலும் புழக்கத்தின் விளைவு பிற்பாடு தெளிவாகவே கிடைத்தது. கற்கும் பிள்ளைகளிடம் வித்தியாசம் இன்னும் கண்கூடு. 2003-இல் சீமோரும் மற்றவர்களும் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பு முடிந்த பிள்ளைகளைச் சோதித்தார்கள். பழகிய சொற்களைச் சரியாக வாசிப்பதில் பெரும்பாலான மொழிப் பிள்ளைகள் 90 சதவிகிதத்துக்கு மேல், இங்கிலீஷ் கற்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34. நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே வருடத்தில் கற்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு நாம் திட்டுகிறோம்.

தமிழ் எழுத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, எண்ணிக்கை. 247 எழுத்து என்பது பெரும்பாலும் குறிகளைச் சேர்த்து உண்டாவதுதான் என்றாலும் கண்ணுக்குப் பழக நாள் ஆகும். கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு, இந்த வகை எழுத்துகளைக் கற்று முடிக்கச் சில வருடங்கள் பிடிக்கிறது என்று காட்டியது. இரண்டு, குறிகள் நிற்கும் இடம். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலிக்கும்போது எகரம் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கிறது. இந்தியில் இகரக் குறி இப்படி முன்னால் நிற்பதை வைத்து ஜோத்ஸ்னா வைத், அஷும் குப்தா இருவரும் 2002-இல் ஆராய்ந்தார்கள், எழுத்து நிற்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் மாறுவது வாசிப்பில் இடறுகிறது என்று கண்டார்கள். மூன்றாவது, பேச்சும் எழுத்தும் வேறாக இருப்பது. 'இருக்கு' என்று பேசும் பிள்ளை 'இருக்கிறது' என்று வாசிக்க வேண்டும். அரபியிலும் இதே நிலைதான், வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகள் வரும் சொற்களில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதை ஸையெக்-ஹதாத் காட்டியிருக்கிறார்.

நாலாவதாக ஒட்டுச் சொற்கள். 'மரங்களுக்கிடையில்' என்ற வடிவத்தை உங்கள் மகள் இதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டாள், ஆனால் மரத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். எந்தப் புழக்கத்தைக் கணக்கில் எடுப்பது? டாஃப்ட் 1979-இல் இங்கிலீஷில் காட்டியது, சொல்லின் இந்த வடிவம் எத்தனை தடவை வந்தது என்பதோடு அடிச்சொல்லின் மொத்தப் புழக்கமும் வேகத்தைக் கூட்டுகிறது என்பது. தமிழ் மாதிரி ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே மாதிரி இருக்கும் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு எழுத்தை மாற்றினால் வேறு சொல் கிடைக்கிறதா என்று எண்ணுவார்கள்: கடை, குடை, கதை, கறை. இப்படி அக்கம்பக்கம் நிறைய இருந்தால் குழப்பம் வரும் என்றுதான் நானும் நினைத்தேன். சாலி ஆண்ட்ரூஸ் 1989-இல் காட்டியது நேர் எதிர், இங்கிலீஷில் அபூர்வமான சொற்களுக்கு அக்கம்பக்கம் நிறைய இருந்தால் வாசிப்பு வேகமாகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ரொம்பப் பிரபலமாக இருந்துவிட்டால் சில சோதனைகளில் அவர் குறுக்கே வந்து நிற்கிறார். இந்த விஷயத்தில் எந்தச் சோதனை என்று கேட்காமல் எதையும் நம்பக் கூடாது. கூடவே இன்னொன்று: முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் நடுவில் எப்படிக் கலைத்தாலும் வாசிக்கலாம், கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸப்பில் வரும் செய்தி. வாசிக்க முடியும், ஆனால் சும்மா முடியாது. ரேனரும் மற்றவர்களும் 2006-இல் அளந்தபோது நடு எழுத்துகளைக் கலைத்தால் வேகம் 11 சதவிகிதம் போல விழுந்தது, தொடக்கத்தைக் கலைத்தால் 36.

மனதில் படம் எழுப்பும் சொல் வேகம் கூடுதலா என்றால், பெரியவர்கள் சத்தமாக வாசிப்பதில் அதன் பங்கு சிறியதுதான். விதியை மீறும் அபூர்வச் சொற்களில் மட்டும் அது கை கொடுக்கிறது. ஆனால் மூளையில் அடிபட்ட சிலரிடம் இதுவே எல்லாமாகிவிடுகிறது. இங்கிலீஷில் விடுதி என்ற பொருளில் வரும் 'இன்' என்பதை வாசித்துவிடுவார்கள், அதே ஒலியுள்ள, அதைவிட ஒரு எழுத்து குறைந்த, எத்தனையோ மடங்கு அதிகம் புழங்கும், உள்ளே என்று பொருள்படும் 'இன்' வராது.

கடைசியாக வாய். வேகத்தை ஒலிவாங்கி வைத்து அளக்கிறோம் அல்லவா, அது நேர்மையான சாட்சி இல்லை. நான் புதிதில் செய்த கூத்து ஒன்று. இரண்டு சொற்கூட்டம் வைத்திருந்தேன், ஒரு கூட்டம் சுமார் 30 மில்லிநொடி மெதுவாக வந்தது, பொருளால்தான் இந்த வித்தியாசம் என்று துள்ளிக் குதித்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் பட்டியலை உற்றுப் பார்த்தேன். மெதுவான கூட்டத்தில் சாவி, சேலை, சோறு, சீப்பு. வேகமான கூட்டத்தில் மாடு, நாய், மணி, வாளி. ச என்று காற்றாகத் தொடங்கும்போது கருவிக்கு அந்த மெல்லிய காற்று கேட்பதில்லை, அடுத்து வரும் உயிரொலிக்குத்தான் விழித்துக்கொள்ளும். ம, ந எல்லாம் குரலோடு தொடங்குவதால் சீக்கிரம் கேட்டுவிடுகிறது. ப, ட என்றாலோ உதடும் நாக்கும் அடைத்திருக்கும் நேரம் முழுதும் மௌனம். கெஸ்லர், ட்ரைமன், முல்லெனிக்ஸ் மூவரும் 2002-இல் இதை முறையாக அளந்து எழுதியிருக்கிறார்கள், அதை முன்பே படித்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம். இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சொல்லைக் காட்டிவிட்டு, ஒன்றரை நொடி காத்திருக்கச் சொல்லி, மணி அடித்ததும் சொல்லச் சொல்வது. அதற்குள் வாசித்து முடித்திருப்பார்கள், அதன் பிறகும் வித்தியாசம் மிஞ்சினால் அது வாயினுடையது, கருவியினுடையது. என் 30 மில்லிநொடி அப்படியே மிஞ்சியது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். 'கிரிக்கெட்' என்பதை அவள் கண் முழுதாக வாசித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'கிரிக்' வரை கூட்டியதும் வாயில் தயாராக இருக்கும் சொல் மீதியை முடித்துவிடுகிறது, ஏனென்றால் பேச வந்த நாளிலிருந்து அவள் காதில் விழும் சொல் அது. 'நுகம்' என்பதை மூன்று எழுத்தும் சரியாகக் கூட்டினாலும் உள்ளே அவளுக்காகக் காத்திருக்கும் ஒலி எதுவும் இல்லை, அதனால் நு, க, ம் என்று நிற்கிறாள், நுக்கமா நுகமா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். அவள் வாசிப்பதில் கோளாறு எதுவும் இதிலிருந்து தெரியவில்லை. அவளுக்குத் தெரியாத ஒரு சொல் இருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டில் செய்து பாருங்கள். அவள் தினமும் பேசும் பத்துச் சொற்களை ஒரு தாளிலும், அதே எழுத்தெண்ணிக்கையில் அவள் கேட்டிராத பத்துச் சொற்களை இன்னொரு தாளிலும் எழுதி, ஒவ்வொரு தாளுக்கும் ஆகும் நேரத்தைப் போனில் பாருங்கள். அப்புறம் இரண்டாவது தாளில் ஐந்து சொற்களை மட்டும் எடுத்து, எழுத்தைக் காட்டாமல், ஒரு வாரம் பேச்சில் கலந்து விடுங்கள். மாட்டு வண்டிப் படத்தைக் காட்டி, மாட்டின் கழுத்தில் இருக்கும் கட்டைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள், சோறு ஊட்டும்போது நுகத்தை வைத்து ஒரு கதை விடுங்கள். வாரக் கடைசியில் அதே தாளைத் திரும்பக் கொடுத்து, பேசிய ஐந்துக்கும் பேசாத ஐந்துக்கும் தனித்தனியாக நேரம் பாருங்கள். எழுத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பேசிய ஐந்தில் வேகம் கூடியிருக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். கூடியிருக்கவில்லை என்றால் அப்போது எழுத்துப் பக்கம் பார்க்கலாம்: குறிகள் பழகாததா, கண் பரிசோதனை வேண்டுமா என்று.